வயலுக்கு ஆள் இல்லை: திருவள்ளூர் வட்டாரத்தின் பழைய கதை

திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் சாலையில் இருக்கிறது திருப்பாச்சூர். சம்பந்தரும் அப்பரும் பாடிய ஊர். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் நெல் விளைந்த வட்டாரம். இன்று இந்தப் பக்கத்து விவசாயிகளைக் கேட்டால் பலரும் சொல்வது ஒன்றுதான்: "நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை."

காரணம் என்ன என்றால், கம்பெனி வேலையும் நூறு நாள் வேலையும் என்று உடனே பதில் வரும். ஆனால் இந்த இரண்டும் வருவதற்கு வெகு காலம் முன்பே இதே மண்ணில் இதே புலம்பல் கேட்டிருக்கிறது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால்தான் இன்றைய சிக்கல் புரியும்.

போர் விரட்டிய மக்கள்

1763 இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1780 இல் ஐதர் அலியின் படை இந்தப் பகுதிக்குள் புகுந்தது. திருப்பாச்சூரில் அப்போது ஒரு கோட்டை இருந்தது. ஆங்கிலேயர் இந்த ஊரை 'டிரிப்பசோர்' என்று எழுதினார்கள். 1781 ஆகஸ்டில் தளபதி அயர் கூட் அந்தக் கோட்டையைப் பிடித்தார். கோட்டை கைமாறியது, ஊர்கள் காலியாயின. போருக்கும் பஞ்சத்துக்கும் பயந்து மக்கள் ஓடிப்போனதால் நிலம் தரிசாகக் கிடந்தது.

1790களில் ஜாகீரின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில் வருகிறாரே, அதே துரைதான். ஏரிகளைச் சரிசெய்து சாகுபடியைப் பெருக்க அவர் பாடுபட்டார். பயிரிட ஆள் இருந்தால்தானே கம்பெனிக்கு வரி வரும்! அன்று இருந்தது உண்மையான ஆள் பஞ்சம்.

கட்டிப்போட்ட கைகள்

அடுத்த நூறு ஆண்டுகளில் மக்கள்தொகை பெருகியது. ஆனால் உழைத்தவர்களுக்கு நிலம் வரவில்லை. மிராசுதாரர்களிடம் நிலம் இருந்தது. பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியினரான படியாட்கள், வாங்கிய சிறு கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையில் உழைத்தார்கள். 1843 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நீதிமன்றங்கள் அடிமை முறையை ஏற்கவில்லை. ஆனாலும் கடன் என்ற கயிறு அறுபடவில்லை.

வெளியே போக வழி மெல்லத் திறந்தது. 1856 இல் ராயபுரத்திலிருந்து ஆற்காடு நோக்கி ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் திருவள்ளூர் வழியாகத்தான் போனது. 1860 இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் நேட்டாலுக்குப் புறப்பட்டது. பர்மா, இலங்கை, மலேயா என்று பலரும் போனார்கள்.

1891 இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீர் இம்மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலத்தைக்கூட அவர்கள் பெற முடியாதபடி மிராசு உரிமை தடுப்பதை அதில் எடுத்துக்காட்டினார். இதன் விளைவாக 1892 இல் அரசு ஆணை வந்தது. இன்று நாம் 'பஞ்சமி நிலம்' என்று சொல்வது அதைத்தான். கூலியாள் சொந்தக்காரன் ஆகிவிட்டால் நம் வயலில் யார் இறங்குவார்கள் என்பதே நிலம் வைத்திருந்தவர்களின் கவலையாக இருந்தது.

ஆலைகள் வந்த பிறகு

சுதந்திரத்துக்குப் பின் ஆவடி, அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி, திருப்பெரும்புதூர் என்று தொழிற்சாலைகள் வளர்ந்தன. கிராமத்து வாசலுக்கே கம்பெனி பஸ் வந்தது. 2006 இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 இல் மூடப்பட்டபோதும், வேலை இழந்த இளைஞர்கள் கூட்டமாக வயலுக்குத் திரும்பிவிடவில்லை. ஆலை வேலை நிரந்தரம் இல்லைதான். ஆனால் மாதச் சம்பளம் உண்டு. சாதி சொல்லி ஏவும் ஆள் இல்லை.

இதில் ஒரு வியப்பு இருக்கிறது. 2001 க்கும் 2011 க்கும் இடையில் தமிழ்நாட்டில் சொந்தமாகப் பயிர் செய்வோர் சுமார் 51 லட்சத்திலிருந்து 42 லட்சமாகக் குறைந்தார்கள். விவசாயக் கூலிகளோ 86 லட்சத்திலிருந்து 96 லட்சமாகக் கூடினார்கள். கூலிகள் கூடியிருக்க, ஆள் பஞ்சம் எங்கிருந்து வந்தது?

அறுப்பை இயந்திரம் எடுத்துக்கொண்டது. மிச்சம் இருப்பது நாற்றுப் பறிப்பும் நடவும் களையெடுப்பும். அதாவது ஆண்டில் சில வாரங்கள். அந்தச் சில வாரக் கூலியை நம்பி ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் காத்திருக்க முடியுமா? எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் ஆள் தேவைப்படுகிறது. மற்ற நாட்களில் யாரும் கூப்பிடுவதில்லை.

விவசாயியையும் குறை சொல்ல முடியாது. உரம், டீசல், இயந்திர வாடகை எதற்கும் அவர் விலை வைப்பதில்லை. 2025-26 க்குச் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டால் 2,369 ரூபாய் என்று மத்திய அரசுதான் ஆதரவு விலை அறிவித்தது. வரவு இன்னொருவர் கையில், செலவும் இன்னொருவர் கையில். அவரால் பேரம் பேச முடிந்த ஒரே இடம் கூலி. அங்கேதான் மோதல் வருகிறது.

முடிவாக

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் நிறைவேற்றியது. வேலை நாட்களை 125 ஆக உயர்த்தும் அந்தச் சட்டம், விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு 60 நாட்கள் வரை பணியை நிறுத்தி வைக்கவும் இடம் தருகிறது. வயலுக்கு ஆள் வரட்டும் என்பது நோக்கம்.

கூலியாளுக்கு இருக்கும் இன்னொரு வழியை அடைத்தால் அவர் வயலுக்கு வருவார் என்ற எண்ணம் புதிதல்ல. படியாள் கடனும் அதைத்தான் செய்தது. மிராசு உரிமையும் அதைத்தான் செய்தது. ஆனாலும் ரயிலும் கப்பலும் வந்தபோது மக்கள் போகத்தான் செய்தார்கள். நெல்லுக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைத்து, அதில் ஒரு பங்கு நடவு நடும் கைகளுக்கும் போய்ச் சேர்ந்தால், "ஆள் இல்லை" என்ற குரல் தானே குறையும். அதுவரை திருப்பாச்சூர் சாலையில் கம்பெனி பஸ்கள் நிறைந்துதான் போகும்.