ஒரு விமானியின் நினைவுப் பீடம்



நம் பழைய கோவில்களில் எதைத் தொட்டாலும் ஒரு பெயர் இருக்கும். மணியில் பெயர், பெஞ்சுகளில் பெயர், பீடத்தின் படிக்கல்லில் பெயர். 'இன்னாருடைய ஆத்தும இளைப்பாற்றிக்காகப் பிள்ளைகள் உபயம்' என்று எழுதியிருக்கும். நூறு முறை பார்த்திருப்போம். அவர் யார், எப்படி வாழ்ந்தார் என்று யாராவது கேட்டால் விழிப்போம். யூபிலி மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, அப்படிப்பட்ட ஒரு பெயரின் பின்னால் இருந்த வாழ்க்கையை எழுதலாமே என்று நமக்குத் தோன்றியது. பெயர் தூர தேசத்துப் பெயர். ஆனால் அந்தக் கோவிலின் பாதுகாவலர் நமக்கு அந்நியர் அல்லர்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கடலோரத்தில் ஹையானிஸ் என்று ஓர் ஊர். அங்குள்ள கத்தோலிக்க ஆலயம், 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து மறைப்பணி புரிந்த புனித சவேரியாரின் பெயரைத் தாங்கியது. அதன் பீடம், இரண்டாம் உலகப் போரில் மாண்ட ஒரு கடற்படை விமானியின் நினைவாக அவருடைய குடும்பத்தார் அளித்தது. அவர் பெயர் ஜோசப் கென்னடி. தந்தையின் பெயரும் அதுவே ஆகையால் வீட்டில் ஜோ என்று அழைத்தார்கள். ஜனாதிபதியாக இருந்து 1963-ல் சுட்டுக் கொல்லப்பட்ட ஜான் கென்னடிக்கு இவர் தமையனார்.

1915 ஜூலை 25-ல் பிறந்த ஜோ, ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். தந்தை பெருஞ்செல்வர், 1938 முதல் 1940 வரை லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். ஜனாதிபதி ஆக வேண்டும் என்று அந்தக் குடும்பம் எதிர்பார்த்தது தம்பியை அன்று, இவரைத்தான். ஹார்வர்டில் படித்தார். அழகும் துணிவும் முன்கோபமும் ஒருங்கே கொண்டவர்.

நினைவுக் கற்களில் குறை எதுவும் எழுதுவது வழக்கமில்லை. நாம் ஒன்றை எழுதியாக வேண்டும். 1934-ல், பத்தொன்பது வயதை எட்டுமுன்பே ஜெர்மனி சென்றிருந்த ஜோ, அங்கே புதிதாகக் கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தைப் பாராட்டித் தம் தந்தைக்குக் கடிதம் எழுதினார். அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்குப் பிள்ளை பிறக்கவே கூடாது என்று அவர்களை அறுவைக்கு இழுத்துச் சென்ற கொடிய சட்டம் அது. இத்தகைய செயலைத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1930-லேயே கண்டித்திருந்தார். அதைவிட நெஞ்சை உறுத்துவது, ஜோவின் சொந்தத் தங்கை ரோஸ்மேரி அறிவு வளர்ச்சி குன்றியவராய் இருந்தார் என்பது. இளமையின் அறியாமை என்று நாம் இதைத் தட்டிக் கழிக்க மாட்டோம். ஆனால் ஒரு மனிதனை அவனுடைய ஒரு கடிதத்தை வைத்து எடைபோடவும் மாட்டோம்.

அமெரிக்கா போரில் சேரலாகாது என்று ஹார்வர்டில் பேசி வந்தவரும் இவரே. அப்படியிருந்தும் 1941-ல் சட்டப் படிப்பை ஓராண்டு மீதமிருக்கையில் விட்டுவிட்டுக் கடற்படையில் சேர்ந்தார். 1942 மே மாதம் விமானி ஆனார். 1943-ல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, டன்கெஸ்வெல் என்ற தளத்திலிருந்து பெரிய லிபரேட்டர் விமானத்தில் பிஸ்கே வளைகுடாவின் மேல் நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்தார். மணிக்கணக்காகக் கடலையே பார்த்துக்கொண்டிருக்கும் சலிப்பான வேலை. அதிலும் திரும்பி வராதவர் பலர்.

இதற்கிடையில் 1944 மே 6-ல் குடும்பத்தில் ஒரு புயல். தங்கை கேத்லீன், புராட்டஸ்டாண்டு பிரபுவின் மகனைப் பதிவு அலுவலகத்தில் மணந்தார். அந்நாளைய திருச்சபைச் சட்டப்படி அது செல்லாத் திருமணம். தாய் மனமுடைந்து போனார். வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஜோ மட்டும் சீருடையில் வந்து தங்கையின் பக்கத்தில் நின்றார். குருவாகிய நாம் இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல முற்படவில்லை. தங்கை தனியே நிற்கக் கூடாது என்று அண்ணன் நினைத்தார், அவ்வளவுதான்.

குறிக்கப்பட்ட பறப்புகளை ஜோ முடித்துவிட்டார். ஊருக்குத் திரும்பலாம். அந்த வேளையில்தான் ஓர் இரகசியப் பணிக்கு ஆள் தேடினார்கள். விமானத்தின் உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு 21,170 ராத்தல் வெடிமருந்தை, அதாவது ஏறக்குறைய 9,600 கிலோவை, நிரப்புவது. இருவர் அதை மேலே ஏற்றிவிட்டு, வெடிக்கும் கருவியை முடுக்கி, இங்கிலாந்துக் கரையைத் தாண்டுமுன் பாராசூட்டில் குதிப்பது. பிறகு பின்னால் வரும் விமானம் வானொலி அலையால் அதை ஓட்டிச் சென்று பிரான்சில் மிமொயெக் என்ற இடத்துச் சுரங்கக் கோட்டையின் மேல் மோதச் செய்வது. ஜோ தாமாகவே முன்வந்தார்.

1944 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை மாலை. துணை விமானியாக வில்ஃபோர்ட் வில்லி என்ற கடற்படை அதிகாரி. டெக்சாஸ்காரர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். ஃபெர்ஸ்ஃபீல்டு தளத்திலிருந்து கிளம்பிய விமானம், ஆறு மணி இருபது நிமிட அளவில், சஃபோக் மாவட்டத்தில் பிளைத்பர்க் கிராமத்தின் அருகே வானத்திலேயே வெடித்துச் சிதறியது. குதிக்க இன்னும் சில நிமிடங்களே இருந்தன. கீழே பல வீடுகள் சேதமாயின. இருவர் உடலும் கிடைக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஹையானிஸ் துறைமுகத்து வீட்டுக்கு இரண்டு குருக்கள் வந்தார்கள். இந்தச் செய்தியைச் சுமந்து ஒரு வீட்டுப் படியேறுவது எப்படி என்று எங்கள் செமினாரியில் யாரும் கற்றுத் தரவில்லை. எந்தச் செமினாரியிலும் கற்றுத் தர முடியும் என்று தோன்றவில்லை. தூங்கிக்கொண்டிருந்த கணவரைத் தாய் போய் எழுப்பினார். தகப்பனார் பிள்ளைகளிடம் செய்தியைச் சொல்லி, தைரியமாக இருங்கள், படகுப் பந்தயத்துக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டுத் தம் அறைக்குள் போய்விட்டார். ஜான் மட்டும் பந்தயத்துக்குப் போகாமல் கடற்கரையில் தனியே நடந்தாராம்.

போர் அந்தப் பக்கம் நகர்ந்து, செப்டம்பர் 5-ல் நேசப் படை மிமொயெக்கைப் பிடித்தபோது ஒன்று தெரியவந்தது. லண்டனைச் சுடுவதற்கென்று அங்கே கட்டிய நீண்ட பீரங்கிகள் ஒரு குண்டும் சுட்டதில்லை. ஜூலை 6-ல் பிரிட்டிஷ் விமானங்கள் போட்ட பெருங்குண்டுகளாலேயே அந்த இடம் பாழாகி, வேலை நின்றுபோயிருந்தது. ஆக, ஜோவும் வில்லியும் உயிர் கொடுத்த இலக்கு, அவர்கள் கிளம்புமுன்பே செத்துப்போன இலக்கு. இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டோம். 'வீணாய்ப் போனாரே' என்று சொல்ல நாவு எழுந்தது. ஆனால் அவர்களுக்கு அது தெரியாது. லண்டன் மக்களைக் காக்கப் போகிறோம் என்றுதான் ஏறினார்கள்.

1946-ல் தந்தை, மகன் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவினார். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு உதவுவதே பின்னாளில் அதன் முக்கியப் பணியாயிற்று. அதன் துணையோடு, தங்கை யூனிஸ் 1968-ல் சிக்காகோவில் அவர்களுக்கென்றே சிறப்பு ஒலிம்பிக் போட்டிகளைத் தொடங்கி வைத்தார். 1934-ல் எழுதிய அந்தக் கடிதத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாம் பல நாள் யோசித்திருக்கிறோம்.

கல்லறை இல்லாத மகனுக்குப் பீடம்தான் கல்லறை. வில்லிக்கோ அப்படி ஒரு பீடம் கொடுக்கப் பெருஞ்செல்வரான தந்தை இல்லை. கேம்பிரிட்ஜ் அருகே அமெரிக்கப் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில், உடல் கிடைக்காதவர்களின் நெடுஞ்சுவரில் மட்டும் இருவர் பெயரும் உள்ளன. இறந்தோர் மாதத் திருப்பலியில் நாம் ஜோவை நினைக்கும்போது வில்லியையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறோம்.

நம் கோவில் மணியிலும் பெஞ்சுகளிலும் உள்ள பெயர்களைப் பங்குக் குறிப்பேட்டில் எழுதி வருகிறோம். பல பெயர்களுக்கு நேரே இன்னும் வெற்றிடமாக இருக்கிறது. விவரம் அறிந்த பெரியவர்கள் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத்துக்கு வந்து சொல்லலாம். நல்லதை மட்டும் அல்ல, உள்ளதைச் சொன்னால் போதும்.