பன்னீரில் மிதந்த ஏடு

கோடை தொடங்கியதும் அம்மா ரோஜா சர்பத் காய்ச்சுவார். அதற்குப் பன்னீர் ரோஜாதான் வேண்டும். மருந்தடித்து வளர்த்த கடைப்பூ ஆகாது. வெயில் ஏறுமுன் பறித்து, காம்பை நீக்கி, இதழ்களை அலசி, கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு மூடிவைப்பார். இதழ்கள் வெளுத்ததும் வடிகட்டிச் சர்க்கரை சேர்த்துப் பாகாக்குவார். கடைசியில் எலுமிச்சை பிழிந்ததும் மங்கிக் கிடந்த நிறம் பளிச்சென்று சிவக்கும். அளவு கேட்டால், "கண்ணளவுதான்" என்பார். நாங்களும் "அம்மா கைப்பக்குவம்" என்று பாராட்டிவிட்டுக் குடித்துப் போனோம். கண்ணுக்கும் கைக்கும் பெருமை கொடுத்த நாங்கள், அவருடைய அறிவுக்குக் கொடுக்கவில்லை. இது எனக்கு உறைத்தது முகலாய வரலாறு படித்தபோதுதான்.

முகலாய அரண்மனையில் குடிப்பதற்கான நீரைக் கவனிக்கவே தனிப் பிரிவு இருந்தது. வெடியுப்பு கரைத்த நீரில் குடுவையைச் சுழற்றித் தண்ணீரைக் குளிரவைத்ததையும், 1586 முதல் வடக்கு மலைகளிலிருந்து லாகூருக்குப் பனிக்கட்டி வந்ததையும் அபுல் ஃபசல் தமது 'அயினி அக்பரி'யில் எழுதிவைத்திருக்கிறார். அரசரின் பெயரோடு சேர்ந்த வேலை என்பதால் அது ஏட்டில் ஏறியது. அந்தப்புரத்தில் பெண்கள் செய்தவை அவ்வளவு எளிதில் ஏறவில்லை. ஏறிய ஒன்று பன்னீரைப் பற்றியது.

நூர்ஜஹானின் தாய் அஸ்மத் பேகம் பன்னீர் வடித்துக்கொண்டிருந்தார். சூடான பன்னீரை அகலப் பாத்திரங்களில் ஊற்றியபோது மேலே மெல்லிய ஏடு படிந்தது. அழுக்கு என்று வழித்து எறிந்திருக்கலாம். அவர் அதைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்தார். அதுதான் ரோஜா அத்தர். ஒரு துளியை உள்ளங்கையில் தேய்த்தால் சபை முழுவதும் மணக்கும் என்று வியந்து, மருமகனான ஜஹாங்கீர் தமது நினைவுக்குறிப்புகளில் இதைப் பதிவுசெய்தார். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்குச் சில ஆயிரம் கிலோ இதழ்கள் வேண்டும். அப்படியானால் அந்த ஏடு எவ்வளவு மெல்லியதாக இருந்திருக்கும்! அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து, ஒவ்வொரு முறையும் உற்றுப் பார்த்தவருக்குத்தான் அது தட்டுப்படும். ஆய்வுக்கூடத்தில் நடந்திருந்தால் இதைச் சோதனை என்போம். பாத்திரங்களுக்கு நடுவே நடந்ததால் 'தற்செயல்' என்கிறோம்.

அஸ்மத் பேகத்துக்கு முத்துமாலை பரிசாகக் கிடைத்தது. கண்டுபிடிப்புக்கு 'இத்ரே ஜஹாங்கீரி' என்று பெயர் வைத்தார்கள். அரசர் பெயர்! வைத்தவரும் ஒரு பெண்தான்: அக்பரின் மனைவியரில் ஒருவரான சலீமா சுல்தான் பேகம். ஒரு பெண் கண்டறிந்ததற்கு இன்னொரு பெண் பெயரிடும்போதும், ஆணின் பெயரே நாவில் வருகிறது. பின்னாளில் மக்கள் சொன்ன கதைகளோ, அந்தக் கண்டுபிடிப்பையே மகள் நூர்ஜஹானுக்குக் கொடுத்துவிட்டன.

1621இல் அஸ்மத் பேகம் இறந்தார். சில மாதங்களில் கணவரும் போனார். பெற்றோருக்காக நூர்ஜஹான் ஆக்ராவில் யமுனைக் கரையில் கட்டிய பளிங்குக் கல்லறையின் நட்டநடுவே இருப்பது அஸ்மத் பேகத்தின் சமாதி. கணவருடையது பக்கத்தில், ஒதுங்கி இருக்கிறது. ஆனால் கட்டடத்தின் பெயர் இதிமத்-உத்-தௌலா. அது கணவரின் பட்டப்பெயர்.

இதோடு கதை முடிந்துவிடவில்லை. அஸ்மத் பேகம் அமைச்சரின் மனைவி, அரசியின் தாய். அதனால்தான் முத்துமாலையாவது கிடைத்தது. விடியுமுன் பூப்பறித்தவர்கள், அடுப்பருகே வெந்தவர்கள், பாத்திரம் தூக்கியவர்கள் யார் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. அவர்களைத் தவிர்த்து எழுதினால், நானும் இன்னொரு அரண்மனைக் குறிப்பைத்தான் எழுதியவளாவேன்.

முந்நூறு ஆண்டு தள்ளி இன்னொரு ரோஜா சர்பத்துக்கு வருகிறேன். ரமலான் மாதத்தில் நம் ஊர்க் கடைகளிலும் அடுக்கியிருக்கும் ரூஹ் அஃப்சா, ரோஜாவும் தாழம்பூவும் மணக்கும் சர்பத். 1906இல் டெல்லியில் ஹம்தர்த் மருத்துவக்கூடத்தைத் தொடங்கிய ஹக்கீம் ஹஃபீஸ் அப்துல் மஜீத் உருவாக்கியது. அவர் 1922இல் இறந்தபோது மூத்த மகனுக்கு வயது 14. தொழிலைக் கைவிடாமல் காத்து மகன்கள் கையில் சேர்த்தவர் மனைவி ராபியா பேகம். இந்தக் கதையைச் சொல்பவர்கள் தந்தையிடமிருந்து மகன்களிடம் தாவும்போது, நடுவில் இருந்த அவரைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

போன கோடையில் நான் தராசோடு அம்மாவின் அடுப்படியில் நின்றேன். அவர் அள்ளிப் போட்ட இதழ்களை எடைபோட்டேன், சர்க்கரையை அளந்தேன், எலுமிச்சை எப்போது என்று கேட்டேன். "இறக்கி ஆறினப்புறம்தான். சூட்டோட பிழிஞ்சா வாசனை போயிடும்டி. இதெல்லாம் போய் எழுதுவாங்களா?" என்று சிரித்தார். எழுதினேன். தலைப்பில் சர்பத்தின் பெயருக்கு முன்னால் அவருடைய பெயர் இருக்கிறது.