டேங்க்கில் இருக்கும் சின்ன ஓட்டை... பறக்கும் விமானத்தையே நிறுத்துமா? வீட்டில் கட்டும் விமானமும் 'வென்ட்' குழாயும்

விருதுநகர் எண்ணெய்க் கடைகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். 15 கிலோ டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுச் சாய்த்தால் எண்ணெய் 'குபுக் குபுக்'னு திணறித் திணறித்தான் வரும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால் போதும், சீராக ஊற்றும். எண்ணெய் வெளியே வரவேண்டும் என்றால் அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகவேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

சிறிய விமானத்தின் பெட்ரோல் டேங்க்கிலும் இதே 'இரண்டாவது ஓட்டை' உண்டு. அதற்குப் பெயர் வென்ட். விரல் தடிமன்கூட இல்லாத குழாய்தான். ஆனால் அதை அடைத்தாலோ, தப்பான பக்கம் திருப்பி வைத்தாலோ நடுவானில் எஞ்சின் நின்றுவிடலாம்.

வீட்டில் விமானம் கட்ட முடியுமா?

முடியும். கேரளாவின் இடுக்கியைச் சேர்ந்த சஜி தாமஸ், பேசவும் கேட்கவும் இயலாதவர். அவர் சொந்தமாக உருவாக்கிய இலகு விமானம் 2014இல் பறந்து காட்டியது நம்ம பக்கத்தில்தான்: விருதுநகருக்குத் தெற்கே, திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறில். அவர் வாழ்க்கையைத் தழுவி 2017இல் 'விமானம்' என்ற மலையாளப் படமும் வந்தது.

மும்பையில் விமானி அமோல் யாதவ், அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் 6 இருக்கை விமானத்தையே கட்டினார். 2017இல் பதிவுச் சான்றிதழும், 2019இல் பறந்து பார்ப்பதற்கான அனுமதியும் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-விடமிருந்து கிடைத்தன.

இப்படிக் கட்டுபவர்கள் அடிக்கடி கைவைக்கும் இடம் எரிபொருள் அமைப்பு. டேங்க்கைக் கொஞ்சம் நகர்த்துவது, மூடியை மாற்றுவது, வென்ட் குழாயை வேறு பக்கம் கொண்டுபோவது... பார்க்கச் சின்ன வேலைதான். ஆபத்தும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வென்ட் அடைத்தால் என்ன நடக்கும்?

எஞ்சின் மணிக்கு 15 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் நிமிடத்துக்குக் கால் லிட்டர் காற்று டேங்க்குக்குள் போகவேண்டும். போகாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். பெட்ரோல் இறங்க மறுக்கும். மெல்லிய டேங்க் என்றால் உள்வாங்கிச் சப்பையாகிவிடும்.

மோசமான விஷயம் என்னவென்றால், இது உடனே தெரியாது. தரையில் எஞ்சின் நன்றாக ஓடும். மேலே ஏறும்போதும் ஓடும். வெற்றிடம் கூடக்கூட, சில நிமிடங்கள் கழித்துத்தான் திக்கும். பைக்கில் மூடித் துளை அடைத்தால் வண்டி நிற்கும். மூடியைத் திறந்தால் 'புஸ்'னு காற்று உள்ளே போகும். மறுபடி ஸ்டார்ட் ஆகிவிடும். ஆகாயத்தில் ஓரம்கட்டி மூடியைத் திறக்க முடியாதே!

அடைப்பது யார்? பல நேரம் குளவிதான். வீட்டில் குளவி கூடு கட்டினால் நல்ல செய்தி வரும் என்பார்கள். வென்ட் குழாயில் கட்டினால் கெட்ட செய்திதான். மண் குளவிக்கு அந்த அளவு ஓட்டை ரொம்பப் பிடிக்கும். நிறுத்தி வைக்கும்போது வலை மூடியோ, சிவப்பு நாடா கட்டிய அடைப்பானோ போடுவார்கள். அதைக் கழற்றாமல் கிளம்பினாலும் அதே ஆபத்துதான்.

எந்தப் பக்கம் பார்க்கணும்?

வென்ட் குழாயின் வாய் காற்றை எதிர்த்து, முன்பக்கம் பார்க்கும்படி வைப்பதே பொதுவான வழக்கம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று தரும் அழுத்தம், ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் உயர பெட்ரோலின் அழுத்தத்துக்குச் சமம். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு.

கேட்கச் சின்னதாக இருக்கலாம். ஆனால் இலகு விமானங்கள் பலவற்றில் பம்ப் இல்லாமல், டேங்க் உயரத்தில் இருப்பதால் மட்டுமே பெட்ரோல் இறங்குகிறது. அங்கே ஒவ்வொரு சென்டிமீட்டரும் கணக்கு. வாயைப் பின்பக்கம் திருப்பினால் தள்ளவேண்டிய காற்று இழுக்க ஆரம்பிக்கும். இரண்டு டேங்க் இருந்து, இரண்டின் வென்ட்டும் ஒரே மாதிரி இல்லை என்றால் ஒரு டேங்க் சீக்கிரம் காலியாகும். இன்னொன்று அப்படியே இருக்கும்.

ஒரே வழியை நம்பக் கூடாது என்பதும் பாடம். வென்ட் அடைத்து எஞ்சின் நிற்கும் ஆபத்தைத் தடுக்க, செஸ்னாவின் பல ஒற்றை எஞ்சின் விமானங்களில் காற்றுத் துளையுள்ள மூடி பொருத்தும்படி அமெரிக்க விமானத் துறை 1979இல் உத்தரவிட்டது.

சிவகாசிக்குத் தெரிந்த பாடம்

வென்ட் வழியாகக் காற்று உள்ளே போவது மட்டுமில்லை. ஆவியும் பெட்ரோலும் வெளியேயும் வரும். காலையில் 25 டிகிரியில் 50 லிட்டர் டேங்க்கை விளிம்பு வரை நிரப்பி வெயிலில் நிறுத்துங்கள். பெட்ரோல் 40 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய முக்கால் லிட்டர் விரிந்து வென்ட் வழியே வழியும். விருதுநகர் மாவட்ட வெயிலுக்கு இது பெரிய விஷயமே இல்லை. அதனால்தான் டேங்க்கில் கொஞ்சம் காலி இடம் விடவேண்டும்.

வழிவது எங்கே விழுகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். ஒரு சின்னப் பொறி போதும். பட்டாசு ஆலைகளில் மருந்து அறைக்குள் இரும்புக் கருவியும் செல்போனும் கூடாது என்பதன் காரணம் சிவகாசி மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே காரணத்துக்காகத்தான் வென்ட் குழாயின் முனை சைலன்சர், பேட்டரி, விமானி அமரும் இடம் எதற்கும் பக்கத்தில் வரக் கூடாது. பெட்ரோல் நிரப்பும்போது நிலைமின்சாரப் பொறி வராமல் விமானத்தையும் கேனையும் கம்பியால் இணைப்பதும் கட்டாயம்.

சின்ன மாற்றம், பெரிய விலை

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது, வேறொருவர் கட்டிய லாங்-ஈஸி ரக விமானம். அங்கே பிரச்சினை வென்ட் இல்லை. டேங்க் மாற்றும் கைப்பிடி. வரைபடத்தில் விமானியின் முன்னால் இருந்த கைப்பிடியை, கட்டியவர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதைத் திருப்ப முயன்றபோது கட்டுப்பாடு போனது என்று விசாரணை முடிவு சொன்னது. புறப்படும் முன் சரியாகத் திட்டமிட்டு எரிபொருள் நிரப்பாததும் காரணங்களில் ஒன்று.

கட்டியவர் கெட்ட எண்ணத்தில் மாற்றவில்லை. ஆனால் அந்த மாற்றத்தின் விலையைக் கொடுத்தது அவர் இல்லை, பின்னால் வாங்கியவர்.

மாற்றியே ஆகணும் என்றால்?

* முதலில் வரைபடம் தந்த வடிவமைப்பாளரிடம் கேட்கவேண்டும். அந்தக் குழாய் அங்கே இருக்க ஒரு காரணம் இருக்கும்.
* தரையிலேயே ஓட்டம் அளக்கவேண்டும். பம்ப் இல்லாத அமைப்பில், மேலே கிளம்பும்போது எஞ்சினுக்குத் தேவையானதில் 150 சதவீதம் வரவேண்டும் என்பது அமெரிக்க விதிகளில் இருந்த அளவு. மணிக்கு 20 லிட்டர் தேவை என்றால், நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவுக் குவளையில் விழவேண்டும்.
* இதை மூக்கை உயர்த்தி, ஏறும் கோணத்தில், டேங்க்கில் குறைந்த பெட்ரோலோடு அளக்கவேண்டும். மூடியைத் திறந்து வைத்து அளந்தால் வென்ட் வேலை செய்கிறதா என்றே தெரியாது.
* மாற்றத்தை எழுதி வைக்கவேண்டும். அடுத்து ஓட்டப்போகிறவருக்கு அது தெரியணும்.
* டிஜிசிஏ அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது. 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்குப் பதிலாக, பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது.

இத்தனையும் முடிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் குனிந்து அந்தக் குழாயின் வாயைப் பார்க்கவேண்டும். ஐந்து விநாடிதான் ஆகும்.