புல்லட்டின் முள்

1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். ராணுவம் புல்லட் கேட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அந்த வண்டியின் மின்சாரத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. 6 வோல்ட் பேட்டரி, காயில், பிளாட்டினம் பாயிண்ட், ஹெட்லைட்டுக்கு மேலே சின்னதாக ஒரு ஆம்ப் மீட்டர். தாய்வீட்டில் கடையை மூடிவிட்டார்கள். இங்கே அதே ஏற்பாடு, பின்னாளில் 12 வோல்ட்டாக மாறி, பல பத்தாண்டுகள் ஓடியது.

தஞ்சாவூர்ப் பக்கம் மேடு பள்ளம் கிடையாது. இன்ஜினுக்குப் பெரிய வேலை இல்லை. ஒயருக்குத்தான் சோதனை. சம்பா பருவத்து ஐப்பசி மழை, ஆற்றங்கரைச் சாலையின் சேறு, அதிராம்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போனால் உப்புக்காற்று. அறுவடைக் காலத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால், முந்தவும் முடியாமல், ராத்திரியில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகவேண்டும். அந்த வேகத்தில் ஆல்டர்னேட்டர் கொடுப்பது குறைவு, விளக்கு தின்பது அதிகம். மீதியைப் பேட்டரிதான் போடும். மன்னார்குடி போய்ச் சேர்வதற்குள் ஹார்ன் தொண்டை கட்டியதுபோல முனகும். ‘பேட்டரி போச்சு’ என்று உடனே புதுசு வாங்கியவர்கள் நிறைய. போனது பேட்டரி இல்லை.

இதையெல்லாம் சொல்வதற்கென்றே அந்த முள் இருந்தது. நடுவில் பூஜ்யம், ஒருபக்கம் வரவு, மறுபக்கம் செலவு. பெட்டிக்கடைக் கணக்கு மாதிரிதான். சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அமுக்கினால், பாயிண்ட் சேரும்போது முள் செலவுப் பக்கம் சாயும், பிரியும்போது நடுவுக்குத் திரும்பும். பழைய ஆட்கள் டீகம்ப்ரஷரைப் பிடித்து, முள் நடுவுக்கு வரும் இடம் பார்த்து, அப்புறம்தான் உதைப்பார்கள். பார்க்கிறவருக்கு அது ஸ்டைல். உண்மையில் அது தினமும் காலையில் நடக்கும் ஒரு மின்சோதனை. ‘முள்ளு ஆடுதா தம்பி?’ என்பதுதான் மெக்கானிக்கின் முதல் கேள்வி. ஆடவே இல்லையா? பியூஸ், சாவி, பேட்டரி முனை, இல்லை அழுக்கேறிய பாயிண்ட். செலவுப் பக்கமே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? பாயிண்ட் பிரியவில்லை, அல்லது கண்டென்சர் உள்ளே ஷார்ட். ஒழுங்காக ஆடியும் வண்டி கிளம்பவில்லையா? பிளக்கைக் கழற்றிப் பொறி பார்க்கணும். மீட்டர் பெட்டி எதுவும் இல்லாமல் பாதிக் கேள்விக்குப் பதில் வந்துவிடும்.

மீதிப் பாதி எர்த். பின்விளக்குக்குத் திரும்பும் வழி மட்கார்டு, போல்ட், சேஸ் என்று இரும்பு வழியாகப் போகிறது. நடுவில் துரு ஏறினால் பிரேக்கை மிதிக்கும்போது விளக்கு பிரகாசமாவதற்குப் பதில் மங்கும். பல்ப் மாற்றிப் பிரயோஜனமில்லை. எர்த் முனையிலிருந்து ஒரு துண்டு ஒயரை பல்ப் ஹோல்டரின் உடம்பில் தொட்டுப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். இன்னொன்று, ஹாண்டிலை ஒருபக்கம் திருப்பினால் மட்டும் அணையும் வண்டி. பேய் பிடித்த கதையாகச் சொல்வார்கள். கழுத்தில் மடங்கி மடங்கி உள்ளே ஒயர் அறுந்திருக்கும், அவ்வளவுதான்.

பிரிட்டிஷ் வண்டிக்காரர்கள் பர்மிங்ஹாமின் லூகாஸ் கம்பெனியை ‘இருளின் இளவரசன்’ என்று கிண்டலடித்தார்கள். எனக்கு அது கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பழுதாவதும் ஒரு மரியாதைதான். பாயிண்ட்டைத் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தால் தேய்த்து வீடு வந்து சேரலாம். (சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளை பியூஸாகச் சுற்றுகிற வித்தையும் உண்டு. அதைச் செய்யாதீர்கள், ஒயரிங்கே எரியும்.)

பிறகு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது கார்புரேட்டரும் போனது. புது வண்டி அடிக்கடி நிற்பதில்லை, அதை மறுக்க முடியாது. நின்றால் கம்ப்யூட்டரைச் செருகிக் கோடு படிக்க வேண்டும். அந்தக் கருவி வாய்க்கால் ஓரத்துக் கடையில் இருக்காது.

இப்போது பழைய புல்லட்டை வாங்கி அழகுபடுத்தும் இளைஞர்கள் பாயிண்ட்டைத் தூக்கிவிட்டு எலெக்ட்ரானிக் கிட் போடுகிறார்கள். நல்ல விஷயம்தான், மழையில் நம்பலாம். ஆனால் பல கிட்களில் முள் பழையபடி ஆடுவதில்லை. ஷோவுக்காக விட்டுவைத்த ஆம்ப் மீட்டரைப் பார்த்தபடி ஒரு பெரியவர் கிக்கரை மெதுவாக அமுக்குகிறார். முள் அசையாமல் நிற்கிறது. ‘சும்மா உதைங்க தாத்தா, ஸ்டார்ட் ஆயிடும்’ என்கிறான் பேரன்.