சிறுநீரகத்தின் மேல் ஒரு சிறு சுரப்பி: முந்நூறு ஆண்டுக் கதை

பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறைக்கு மோந்தெஸ்கியே என்றால் சட்டம், அரசியல், அதிகாரப் பிரிவினை. பரீட்சைக்கு அவ்வளவுதான் வரும். அவர் ஒரு சுரப்பியைப் பற்றிய கட்டுரைப் போட்டிக்குத் தீர்ப்பு வாசித்தவர் என்று எந்த ஆசிரியரும் எங்களுக்குச் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

1716-ல் போர்தோ நகர அறிவியல் கழகம் ஒரு பரிசை அறிவித்தது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி வைத்தாற்போல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிக்கு என்ன வேலை என்பதுதான் கேள்வி. இன்று அட்ரீனல் சுரப்பி என்கிறோமே, அதுதான். இத்தாலிய உடற்கூற்று அறிஞர் எயுஸ்தாக்கியோ 1563-லேயே அதை விவரித்து எழுதிவிட்டார். இருந்தும் ஒன்றரை நூற்றாண்டாக அது எதற்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. போட்டிக்குக் கட்டுரைகள் வந்தன. 1718-ல் மோந்தெஸ்கியே எழுந்து, ஒவ்வொன்றையும் அலசி, எதுவும் தேறவில்லை, பரிசு யாருக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டார். இத்தனை பேர் முயன்றும் கிடைக்காத விடை என்றாவது தற்செயலாகக் கிடைக்கலாம் என்ற தொனியில் முடித்துக்கொண்டார். அலுவலகத்தில் டெண்டர் ரத்தான கோப்புகளைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்தத் தீர்ப்பு மிகவும் பிடித்துப்போயிற்று.

விடையின் முதல் பகுதி கிடைக்க மேலும் 137 ஆண்டுகள் ஆயின. 1855-ல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன், உடல் மெலிந்து தோல் கறுத்து இறந்த நோயாளிகள் சிலரிடம் இந்தச் சுரப்பி கெட்டிருந்ததை எழுதி வெளியிட்டார். அதைப் படித்த பிரௌன்-செக்கார் அடுத்த ஆண்டே பாரிசில் சோதனையில் இறங்கினார்.

இந்தப் பிரௌன்-செக்காரைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1817-ல் மொரீசியசின் போர் லூயி நகரில் பிறந்தவர். தந்தை அமெரிக்கக் கப்பல் தலைவர், தாய் பிரெஞ்சுக்காரர். அந்தத் துறைமுக நகரை லா போர்தோனே கவர்னராக இருந்து எழுப்பியபோது புதுச்சேரியிலிருந்து போன தமிழ்க் கொத்தனார்களும் கைவினைஞர்களும் உழைத்தார்கள் என்பது நீங்கள் அறிந்ததே.

அவர் செய்த சோதனை கொடூரமானது. நாய், பூனை, முயல், கினிப் பன்றி ஆகியவற்றின் இரண்டு அட்ரீனல் சுரப்பிகளையும் வெட்டி எடுத்தார். விலங்குகள் விரைவில் இறந்தன. ஆகவே இது உயிருக்கு இன்றியமையாத உறுப்பு என்றார். அறுவையின் அதிர்ச்சியில்தான் செத்தன என்று சிலர் மறுத்தார்கள். வெள்ளை எலிகள் பிழைத்ததைக் காட்டினார்கள். ஆனால் பிற்காலம் பிரௌன்-செக்கார் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. 1878-ல் கிளோத் பெர்னார் இறந்ததும் கொலேஜ் தெ பிரான்சில் அவருடைய இடத்துக்கு வந்தவர் இவர்தான்.

வேலை என்ன என்பது தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி அளவு. உயிரோடு இருக்கும் ஒரு நாயின் வயிற்றுக்குள் அந்தச் சுரப்பி எவ்வளவு பெரிதாக இருக்கிறது?

அளவு ஏன் முக்கியம் என்பதை ஒரு குமாஸ்தாவின் பாணியில் சொல்கிறேன். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தலைமை அலுவலகம். அட்ரீனல் இரண்டும் கிளை அலுவலகங்கள். தலைமையிலிருந்து ஆணை வந்தால் கிளைகள் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கும். தலைமை அலுவலகத்தில் கட்டி வந்து, ஆணைகளாக அனுப்பிக்கொண்டே இருந்தால் இரண்டு கிளைகளும் சேர்ந்து வீங்கும். மாறாக, ஒரு கிளையில் கட்டி வந்து அது தன் இஷ்டத்துக்குச் சுரந்தால், போதும் என்று தலைமை ஆணையை நிறுத்திவிடும். வேலையில்லாத மற்றொரு கிளை சுருங்கிப்போகும். ஆக, இரண்டும் பெரிதா, ஒன்று பெரிதாகி மற்றது சிறிதா என்று பார்த்தாலே நோயின் வேர் தலையிலா வயிற்றிலா என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1932-ல் மனிதர்களிடம் விவரித்த இந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. நாய்களுக்கும் வரும். அவற்றில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் தலையில் தொடங்குபவை.

1895-ல் ரோன்ட்கன் கண்டுபிடித்த எக்ஸ்ரே இதற்கு அதிகம் உதவவில்லை. சுண்ணாம்பு படிந்த கட்டி என்றால் தெரியும்; மென்மையான சுரப்பி தெரியாது. பிறகு அல்ட்ராசவுண்ட் வந்தது. இன்றும் முதலில் செய்வது அதுதான். ஆனால் குடலில் வாயு இருந்தாலும், நாய் கொழுத்திருந்தாலும், குறிப்பாக வலப்பக்கச் சுரப்பி சரியாகச் சிக்காது.

சி.டி. ஸ்கேன் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. இசைத்தட்டுகளுக்குப் பெயர்பெற்ற ஈ.எம்.ஐ. கம்பெனியின் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். அவருடைய முதல் சோதனைக் கருவி ஒரு படத்துக்குரிய அளவுகளைச் சேகரிக்க ஒன்பது நாள் எடுத்தது. கசாப்புக் கூடத்திலிருந்து மாட்டு மூளையைக் கொண்டுவந்து சோதித்தார். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. 1979-ல் ஆலன் கார்மாக்குடன் நோபல் பரிசு பெற்றார். இன்று ஒரு நாயை மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்தால் சில வினாடிகளில் அதன் உடலை மில்லிமீட்டர் கணக்கில் மெல்லிய துண்டுகளாகப் பார்த்துவிடலாம்.

பார்க்க முடிந்ததும் புதுச் சிக்கல் வந்தது. மனிதரில் குள்ளரும் நெட்டையரும் உண்டென்றாலும் நாய்களைப் போல் வேறுபாடு கிடையாது. கைக்குள் அடங்கும் சிவாவாவுக்கும் கன்றுக்குட்டி போன்ற கிரேட் டேனுக்கும் ஒரே அளவுகோலை எப்படி வைப்பது? ஹாலந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 1990-களில் இதற்கு நல்ல வழி கண்டார்கள். ஸ்கேனில் பிட்யூட்டரியின் உயரத்தை மூளையின் குறுக்குவெட்டுப் பரப்போடு ஒப்பிட்டு ஒரு விகிதம் கணக்கிட்டார்கள். அது 0.31-க்கு மேல் போனால் சுரப்பி பெருத்திருக்கிறது என்று பொருள். நாய் எவ்வளவு பெரியது என்ற பேச்சே எழாது. அட்ரீனலுக்கும் அப்படித்தான். அல்ட்ராசவுண்டில் 7.4 மில்லிமீட்டர் தடிப்பு என்ற ஒற்றை எல்லை நெடுநாள் புழக்கத்தில் இருந்தது. இப்போது நாயின் எடையையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

பூனைக்குக் கணக்கு வேறு. குஷிங் நோய் அதற்கு அபூர்வம். வயதான பூனைக்கு வருவது தைராய்டு வீக்கம். 1979-லிருந்துதான் மருத்துவ ஏடுகளில் இந்நோய் பேசப்படுகிறது. தைராய்டில் அயோடின் தேங்கியிருப்பதால் சாதாரண ஸ்கேனிலேயே வெளுப்பாகத் தெரியும். இன்னொன்று, கிழட்டுப் பூனையின் அட்ரீனலில் நோயே இல்லாமலும் சுண்ணாம்பு படிவதுண்டு. அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

இதையெல்லாம் நான் படிக்க நேர்ந்த காரணம் என் தம்பி மகள். துலூஸ் பக்கம் குடும்பமாக இருக்கிறாள். அவள் வளர்த்த பன்னிரண்டு வயது கனிஷ் நாய்க்கு வயிறு தொங்கி, முடி கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது. அல்ட்ராசவுண்டில் இடப்பக்கச் சுரப்பி வீங்கியிருந்தது, வலப்பக்கம் தெரியவில்லை. கட்டியாக இருந்தால் அறுவை செய்ய வேண்டும், அந்த வயதில் தாங்குமா என்ற கேள்வி. “பெரியப்பா, கத்தி வைக்கச் சொல்லட்டுமா வேண்டாமா?” என்று போனில் அழுதாள். நான் என்ன சொல்வேன்? ஸ்கேனில் இரண்டு சுரப்பியும் ஒரே மாதிரி பெருத்திருந்தன; பிட்யூட்டரியும் சற்றுப் பெரிது. வேர் தலையில் என்று தெரிந்தது. வயிற்றைக் கிழிக்காமல் மாத்திரையோடு அது ஒன்றரை வருஷம் வீட்டில் நடமாடிவிட்டுப் போனது.

ஸ்கேன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடாது. மிகச் சிறிய கட்டி இருந்தும் பிட்யூட்டரி சரியான அளவில் இருக்கலாம். அதனால் ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள். ஆனால் ஒன்றில் அதற்கு நிகரில்லை. அட்ரீனல் கட்டி பக்கத்திலுள்ள பெரிய ரத்தக்குழாய்க்குள் புகுந்திருக்கிறதா என்று கத்தியை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடும். அறுவை செய்யலாமா கூடாதா என்பது பெரும்பாலும் அந்த ஒரு விவரத்தில் தொங்குகிறது.

வீட்டில் நாய் வளர்க்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். எட்டு, பத்து வயதான நாய் திடீரென்று அதிகம் குடித்து, அதிகம் தின்று, வயிறு பெருத்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மோந்தெஸ்கியே எதிர்பார்த்த தற்செயல் வரவில்லை; பிரௌன்-செக்காரின் மேசையில் செத்த நாய்களும் பூனைகளும்தான் அந்த விடையைத் தந்தன. அதன் பலனில் ஒரு பங்கு இப்போதாவது அவற்றின் இனத்துக்கே திரும்பி வருகிறது. அது நியாயம்தானே.