ஹவாய் மரத் தாலங்கள்

ஹவாய் மரத் தாலம் என்பது ஹவாய்த் தீவுகளில் வளரும் மரங்களைக் குடைந்தோ கடைந்தோ செய்யப்படும் அகன்ற, ஆழம் குறைந்த தட்டு. மீனும் இறைச்சியும் பரிமாறும் ஏனமாகத் தொடங்கிய இது, பிறகு அரண்மனைக் காட்சிப்பொருளாகவும் சுற்றுலாப் பயணிகள் வாங்கிச் செல்லும் நினைவுப்பொருளாகவும் மாறி, இன்று கலைக்கூடங்களில் இடம்பெறும் கடைசல் வேலையாக வளர்ந்திருக்கிறது. தட்டையான தாலத்துக்கு ஹவாய் மொழியில் ‘பா’ என்று பெயர். ஆழமான உணவுக் கலத்துக்கு ‘உமெக்கே’ என்று பெயர். இரண்டையும் செய்தவர்கள் ஒரே கைவினைஞர்களே. ஆகவே ஒன்றை விட்டு மற்றதன் வரலாற்றைச் சொல்ல முடியாது.

இதற்குப் பயன்பட்ட மரங்களில் பல தமிழருக்கு அந்நியமானவை அல்ல. அங்கே ‘மிலோ’ எனப்படுவது நம் பூவரசு. ‘கமானி’ நம் கடற்கரைப் புன்னை. இவற்றைவிட உயர்வாக மதிக்கப்பட்ட ‘கௌ’ மரம் நறுவிலிக்கு நெருங்கிய உறவு. மஞ்சளும் பழுப்பும் கருமையும் கலந்து ஓடும் வரி, வாய்ச்சிக்கு எளிதில் இணங்கும் மென்மை, சோற்றுக்கோ கூழுக்கோ எந்தச் சுவையையும் ஏற்றாத இயல்பு ஆகிய மூன்றும் சேர்ந்த மரம் அது. படகோட்டி வந்த பாலினீசியர்கள் கொண்டுவந்து நட்ட மரம் என்றே அதை நெடுங்காலம் கருதினார்கள். ஆனால் கவாய் தீவின் மகௌவாஹி குகையில் கிடைத்த தொல்லெச்சங்கள், மனிதர் வருமுன்பே அது அங்கே வளர்ந்திருந்ததைக் காட்டின. வேல மர இனமான ‘கோவா’ ஹவாயைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. ஆனால் அதன் கசப்பு உணவில் இறங்கும் என்பதால் பழைய ஹவாய் மக்கள் அதைப் படகுக்கும் அலைச்சறுக்குப் பலகைக்கும் ஒதுக்கினார்களே தவிர, உண்கலத்துக்குத் தொடவில்லை.

இரும்பு அறியாத தீவுகளில் இந்த வேலை முழுவதும் கல்லாலேயே நடந்தது. மௌன கேயா மலையில், கடல்மட்டத்துக்கு மேல் 3,500 மீட்டரையும் தாண்டிய குளிர்ந்த உயரத்தில், வாய்ச்சிக்கான கருங்கல்லை வெட்டியெடுத்த இடம் இன்றும் உடைகற்குவியல்களோடு கிடக்கிறது. அடிமரத் துண்டை அந்த வாய்ச்சியால் வெளிப்புறம் செதுக்கி, உட்புறம் குடைந்து, பவளக்கல்லாலும் எரிமலை நுரைக்கல்லாலும் தேய்த்து, காய்ந்த ஈரப்பலா இலையால் மெருகேற்றி, குக்குயிக் கொட்டையின் எண்ணெயைப் பூசினார்கள். மரத்தின் வாடை போகக் கலத்தை நாட்கணக்கில் நீரில் ஊறவைப்பதும் உண்டு. சேப்பங்கிழங்கை அவித்து இடித்துப் பிசைந்த ‘போய்’ என்னும் களிதான் அன்றாட உணவு. அது உமெக்கேயில் இருக்கும், மீனும் பன்றியிறைச்சியும் தாலத்தில் இருக்கும். தலைவர்களின் பந்தியில் எச்சில் போடவும் தனிக் கலம் உண்டு. பகைவரை இழிவுபடுத்த மனிதப் பற்களைப் பதித்துச் செய்த எச்சிற்கலங்கள் அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன.

1778-இல் ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள் வந்தபோது, ஐரோப்பியர்கள் வியந்து எழுதிய பொருட்களில் இவையும் உண்டு. லேத்தில் கடைந்தவை போன்ற வட்டமும் அதைவிஞ்சும் பளபளப்பும் இருப்பதாக அந்தப் பயணக் குறிப்புகள் கூறுகின்றன. கடைசல் கருவி வந்து கற்றுக்கொடுத்த வடிவம் அல்ல இது. வட்டமும் மெல்லிய விளிம்பும் அடியின் வளைவும் வெறும் கண் அளவையில் முன்பே முடிவாகிவிட்டன. பின்னால் வந்த லேத் அவற்றை விரைவாகச் செய்துகொடுத்தது, அவ்வளவே.

விரிசலை அந்த மரபு எதிர்கொண்ட விதம் தனியே சொல்லத் தக்கது. கலம் வெடித்தால் அதை எறிவதில்லை. பிளவின் குறுக்கே, நடு ஒடுங்கி இரு முனை விரிந்த மீன்வால் வடிவக் குழி வெட்டி, அதே வடிவில் செதுக்கிய மரத்துண்டை இறுகப் பொருத்துவார்கள். ‘பெவா’ எனப்படும் இந்த ஒட்டு, பிளவு மேலும் நீளாமல் பிடித்துக்கொள்கிறது. ஒட்டுகள் பெருகிய கலத்துக்கு மதிப்புக் குறையவில்லை, கூடியது. நல்ல ஹவாய்த் தச்சரை அடையாளம் காண, அவர் வைத்த பெவாவின் ஓரத்தைப் பார்த்தாலே போதும் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

19-ஆம் நூற்றாண்டு எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. இரும்பு உளியும் லேத்தும் வெளிநாட்டுத் தச்சர்களோடு வந்தன. பீங்கான் தட்டு வந்ததும் மரத்தட்டு பந்தியிலிருந்து மெல்ல விலகியது. 1793-இல் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் வான்கூவர் இறக்கிய மாடுகள் காட்டு மந்தைகளாகப் பெருகி மலைக்காடுகளின் கன்றுகளை மேய்ந்து தீர்த்தன. நூற்றாண்டின் நடுவில், வெளியிலிருந்து புகுந்த ஓர் அந்துப்பூச்சியின் புழுக்கள் கௌ மரங்களின் இலைகளைத் தின்று, அந்த இனத்தையே அரிதாக்கின. கலைக்கு நேர்ந்த இழப்புகளில் இதுவே மிகப் பெரியது என்று துணிந்து சொல்லலாம். ஆயினும் உணவு பரிமாறும் வேலை இல்லாமற்போனதும் கோவாவின் கசப்பு ஒரு குறையாக இல்லை. அதன் பொன்சிவப்பு வைரமும் ஒளிபட்டால் அலையடிக்கும் சுருள்வரியும் காட்சித் தாலங்களுக்கு ஏற்றவை ஆயின. 1882-இல் கட்டி முடிந்த இயோலானி அரண்மனையின் பெரிய படிக்கட்டு கோவாவால் ஆனது. கலாகௌவா மன்னர் காலத்தில் அந்த மரம் அடைந்த தகுதிக்கு அதுவே சான்று. பழைய கலங்கள் சேகரிப்புப் பொருளாயின. 1889-இல் ஹொனலுலுவில் நிறுவப்பட்ட பிஷப் அருங்காட்சியகம் அவற்றைப் பெருமளவில் காத்துவருகிறது. அதன் இயக்குநராயிருந்த மாவோரி வம்சாவளி அறிஞர் தெ ராங்கி ஹிரோவா ஹவாய்க் கைவினைகளைப் பற்றி எழுதிய பெருநூல் அவர் மறைவுக்குப் பின் 1957-இல் வெளிவந்தது. இர்விங் ஜென்கின்ஸ் 1989-இல் வெளியிட்ட நூல் முழுக்க இந்தக் கலங்களைப் பற்றியது.

அடுத்த அத்தியாயம் தூங்குமூஞ்சி மரத்தினுடையது. தமிழ்நாட்டுச் சாலைகளுக்கு நிழல் தரும் அதே மரம்தான். 1847-இல் அமெரிக்கத் தூதர் பிரின்ஸ்மேட் கொண்டுவந்த 2 விதைகளிலிருந்தே ஹவாயில் அது பரவியது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. காயும்போது மிகக் குறைவாகவே சுருங்குவதால் பச்சையாகவே கடையலாம்; வெடிப்பு அபூர்வம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சுற்றுலா பெருக, இலை வடிவிலும் அன்னாசி வடிவிலும் தூங்குமூஞ்சித் தட்டுகள் குவிந்தன. பின்னர் பிலிப்பைன்ஸிலும் தாய்லாந்திலும் மலிவாகச் செய்து ஹவாய்க் கடைகளில் விற்றார்கள். இந்தக் காலத்தைக் கலை வரலாறு இகழ்ந்து கடப்பது சரியல்ல: பட்டறைகள் மூடாமலும் கடைசல்காரர்களின் கை மறக்காமலும் இருந்ததில் அந்த எளிய தட்டுகளுக்கும் பங்கு உண்டு.

இன்றைய கடைசல்காரர்களுக்கு மரத்தின் கோணலே முதல். கவட்டையில் விசிறியாக விரியும் வரி, வைரத்தை ஒட்டிய வெளிறு, பூஞ்சை புகுந்து கருங்கோடுகள் இழுத்த மாமரம் என ஒவ்வொன்றையும் தேடி எடுக்கிறார்கள். ஈர மரத்தை முதலில் தடிப்பாகக் கடைந்து மாதக்கணக்கில் உலரவிடுவார்கள். அதற்குள் வட்டம் நீள்வட்டமாகக் கோணிவிடும். வரிக்குக் குறுக்கே சுருக்கம் மிகுதி, வரி ஓடும் திசையில் அது அற்பம். பிறகே இறுதிக் கடைசல். தாலத்தில் இது கலத்தைவிடக் கடினம். 40 சென்டிமீட்டர் அகலப் பலகை நிமிடத்துக்கு 600 சுற்று சுழன்றால், விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 12.5 மீட்டர் ஓடுகிறது, நடுப்புள்ளி நகர்வதே இல்லை. உளியை உள்நோக்கி நகர்த்தும்போது வெட்டு கணத்துக்குக் கணம் மாறுகிறது. நடுவைக் குடைந்துவிட்டால் விளிம்பு அதிரத் தொடங்கும் என்பதால், விளிம்பை முழுதும் முடித்த பிறகே உள்ளே போவார்கள்.

ஹவாயில் வளர்ந்த மரத்தில் செய்தவற்றுக்கென்றே ஆண்டுதோறும் கண்காட்சி நடக்கிறது. கௌ மரம் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் மீண்டும் நடப்படுகிறது. ஆனால் புதிய ஆபத்தும் வந்திருக்கிறது. தீவுகளின் காடுகளில் பெரும்பகுதியாக நிற்கும் ‘ஒஹியா’ மரங்களைச் சில வாரங்களில் வாடவைக்கும் பூஞ்சைநோய் 2014-இல் அடையாளம் காணப்பட்டது. நோய் பரவாதிருக்க, ஹவாய் பெருந்தீவிலிருந்து ஒஹியா மரத்துண்டைப் பிற தீவுகளுக்குக் கொண்டுசெல்ல அரசின் அனுமதி வேண்டும். கடைசலுக்கான துண்டும் இந்த விதிக்கு உட்பட்டதே.