மருந்துக்கு ஒரு மருந்து

லிபால்வி என்று ஒரு மாத்திரை. அமெரிக்காவில் 2021 மே 28 அன்று அனுமதி பெற்றது. ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய்க்கும், பைபோலார் என்கிற இருமுனைக் கோளாறின் முதல் வகைக்கும் கொடுப்பது. நான்கு அளவுகளில் வருகிறது: 5/10, 10/10, 15/10, 20/10. எல்லாம் மில்லிகிராம் கணக்கு. இந்த நான்கையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்று தட்டுப்படும். முதல் எண் ஏறிக்கொண்டே போகிறது. இரண்டாவது எண் அசையவே இல்லை.

முதல் எண் ஓலன்சபின். நோய்க்கான மருந்து அதுதான். காதில் கேட்கும் குரல்களை அடக்குவது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயத்தைத் தணிப்பது, தூக்கமே இல்லாமல் பறந்துகொண்டிருக்கும் மனதைத் தரைக்கு இறக்குவது எல்லாம் அதன் வேலை. இரண்டாவது எண் சாமிடார்ஃபன். குரல்களோடும் பயத்தோடும் அதற்கு எந்த வேலையும் கிடையாது. ஓலன்சபின் உடம்பில் ஏற்றிவிடும் எடையைக் கொஞ்சம் மட்டுப்படுத்துவதற்காகவே அது உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது.

ஆக, ஒன்று நோய்க்கு மருந்து. இன்னொன்று அந்த மருந்துக்கு மருந்து. ஓலன்சபின் விற்பனைக்கு வந்தது 1996இல். துணைக்கு இன்னொன்று வந்து சேர்ந்தது 2021இல். நடுவில் 25 வருஷம். ஏன் அவ்வளவு காலம் ஆனது என்பதுதான் என் கேள்வி. இதைத் தேடிப் படிக்க எனக்கு வீட்டுக் காரணம் ஒன்றும் உண்டு. அதற்கு வருகிறேன். முதலில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

விறைப்பே சான்று

1950 டிசம்பரில், பிரான்ஸின் ரோன்-பூலாங்க் நிறுவனத்தில் பால் ஷார்பாந்தியே என்ற வேதியியலாளர் குளோர்ப்ரோமசினை உருவாக்கினார். மெத்திலீன் புளூ என்ற சாயத்தின் வேதிக்குடும்பத்தில் பிறந்த மருந்து அது. ஆன்றி லபோரி என்ற கடற்படை அறுவை மருத்துவர் அதை அறுவை சிகிச்சைக்கு முன்னால் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகள் விழித்திருந்தார்கள், ஆனால் எதற்கும் பதறவில்லை. இதை மனநோய்க்குக் கொடுத்துப் பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1952இல் பாரிஸின் சாந்த்-ஆன் மருத்துவமனையில் ஷான் டிலேயும் பியர் டெனிக்கரும் முறையாகக் கொடுத்துப் பார்த்து முடிவுகளை வெளியிட்டார்கள்.

அதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் கொடுத்து கோமாவில் ஆழ்த்துவார்கள். மின் அதிர்ச்சி கொடுப்பார்கள். மூளையின் முன்பகுதியை வெட்டிவிடுவார்கள். அந்த வெட்டுக்கு 1949இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அந்த இடத்தில் ஒரு மாத்திரை வந்து நின்றது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்த மாத்திரை உடம்பை விறைக்க வைத்தது. கை நடுங்கியது, நடை குறுகியது, முகத்தில் உணர்ச்சி அழிந்தது. வருஷக்கணக்கில் சாப்பிட்ட சிலருக்கு உதடும் நாக்கும் தாமாக அசைய ஆரம்பித்தன, சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் அது நிற்கவில்லை. இதில் என்னை உலுக்கிய தகவல் ஒன்று உண்டு. அந்தக் காலத்து மருத்துவர்கள் பலர் இந்த விறைப்பைப் பக்கவிளைவாகவே பார்க்கவில்லை. கை விறைத்தால் டோஸ் சரியாக இருக்கிறது, மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். நோயாளியின் அவஸ்தையே மருந்தின் வெற்றிக்குச் சான்றாகிவிட்டது!

விறைப்பைத் தராத மருந்து இருக்கமுடியும் என்று காட்டியது குளோசபின். 1958இல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில், வாண்டர் என்ற நிறுவனத்தில் உருவானது. ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. 1975இல் ஃபின்லாந்தில் அதைச் சாப்பிட்ட நோயாளிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் சரிந்து, தொற்று வந்து இறந்தார்கள். பல நாடுகளில் மருந்து ஓரங்கட்டப்பட்டது. ஆனாலும் அதை மறக்க முடியவில்லை. 1988இல் ஜான் கேன் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு, வேறு எந்த மருந்துக்கும் அசையாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. குளோர்ப்ரோமசினில் தேறியவர்கள் 4 சதவீதம். குளோசபினில் 30 சதவீதம். 1989இல் அமெரிக்கா அனுமதித்தது, வாராவாரம் ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும் என்ற கட்டளையோடு.

அப்போது எல்லா மருந்து நிறுவனங்களுக்கும் ஒரே கனவுதான். குளோசபின் மாதிரி வேலை செய்யணும், ரத்தத்தைத் தொடக்கூடாது.

பசி என்ற பெயரில்

அந்தக் கனவை எலை லில்லி நிறுவனம் பிடித்தது. இங்கிலாந்தில் இருந்த அதன் ஆய்வுக்கூடத்தில் குளோசபினின் மூலக்கூறைச் சற்றே மாற்றி உருவாக்கியது ஓலன்சபின். 1996 செப்டம்பரில் ஸைப்ரெக்ஸா என்ற பெயரில் அனுமதி பெற்றது. 2000இல் பைபோலாருக்கும் அனுமதி கிடைத்தது. ரத்தப் பரிசோதனை வேண்டாம். விறைப்பும் குறைவு. 2001இல் லில்லியின் இன்னொரு பெரிய மருந்தான புரோசாக்கின் காப்புரிமை முடிந்தபோது, நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்தது ஸைப்ரெக்ஸாதான். வருஷத்துக்கு 400 கோடி டாலருக்கு மேல் விற்றது.

நம் ஊருக்கு அது வேறு வழியில் வந்தது. 2005 வரை இந்தியச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கொடுக்கவில்லை. செய்முறைக்கு மட்டும்தான். அதனால் இந்தியக் கம்பெனிகள் தாங்களே ஓலன்சபின் தயாரித்து மலிவாக விற்றன. என் சித்தி போன்றவர்கள் கைக்கு அது கிடைத்தது அப்படித்தான்.

சித்திக்கு மருந்து வேலை செய்தது. அதில் சந்தேகமே இல்லை. மூன்று வருஷமாகச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்று திட்டிக்கொண்டிருந்த குரல்கள் ஒரு மாதத்தில் ஓய்ந்தன. திரும்பத் தையல் மெஷினில் உட்கார்ந்தார். ஆனால் சொந்த ரவிக்கையைப் பிரித்துப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. உள்பக்கம் மடித்து வைத்திருந்த துணி ஆறே மாதத்தில் தீர்ந்துவிட்டது. "இனிமே பிரிக்கறதுக்குத் துணி இல்லடா" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே பதில்தான். "குரல் நின்னுச்சில்ல? அது போதும்." பார்த்த டாக்டர், "வாயைக் கட்டுங்கம்மா, நடங்க" என்றார். சித்தி ஒருமுறை எனக்கு விளக்க முயன்றார். "இது பசி இல்லடா. பசின்னா சாப்பிட்டா அடங்கிடும். போதும்னு உள்ள ஒருத்தர் சொல்லுவாங்கள்ல, அவங்களைக் காணோம்."

பின்னால் படித்தபோது அசந்துபோனேன். ஓலன்சபின் மூளையில் டோபமைனை மட்டும் தடுப்பதில்லை. ஹிஸ்டமின் ஏற்பிகளையும், ஒரு வகை செரட்டோனின் ஏற்பிகளையும் சேர்த்தே தடுக்கிறது. பசியையும் நிறைவையும் சீர்படுத்தும் இடங்கள் அவை. போதும் என்று சொல்கிறவரின் வாயை மருந்தே பொத்திவிடுகிறது. சித்தி எந்த ஆய்வையும் படிக்காமல் அதைச் சரியாகச் சொல்லியிருந்தார்.

இரண்டு முறை யாருக்கும் தெரியாமல் மாத்திரையை நிறுத்தினார். இரண்டு முறையும் குரல்கள் திரும்பி வந்தன. இரண்டாவது முறை தேறி வந்தபிறகு சொன்னார்: "குரல் ஒரு பக்கம், இந்த உடம்பு ஒரு பக்கம். எது எனக்குப் பெரிசுன்னு ஒருத்தரும் என்னைக் கேக்கல."

கேட்டவர்கள், விற்றவர்கள்

இது சித்தி ஒருவரின் கதை இல்லை. அமெரிக்க அரசின் பணத்தில் நடந்த கேட்டி என்ற பெரிய ஆய்வு 2005இல் வெளிவந்தது. மனச்சிதைவு நோயாளிகள் கிட்டத்தட்ட 1,500 பேர். கேள்வி எளிமையானது: கொடுத்த மருந்தை 18 மாதம் தொடர்ந்து சாப்பிடுகிறார்களா? மொத்தத்தில் 74 சதவீதம் பேர் நடுவிலேயே விட்டுவிட்டார்கள். இருப்பதில் சிறப்பாகத் தாக்குப்பிடித்தது ஓலன்சபின். அதிலும் 64 சதவீதம் பேர் விட்டுவிட்டார்கள். அதே ஓலன்சபின்தான் எடையிலும் முதலிடம். சராசரியாக மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. எடை, சர்க்கரை போன்ற காரணங்களால் அதை நிறுத்தியவர்கள் 9 சதவீதம். மற்ற மருந்துகளில் அது 4 சதவீதத்தைத் தாண்டவில்லை.

நன்றாக வேலை செய்யும் மருந்தும், அதிகமாக உடம்பைக் கெடுக்கும் மருந்தும் ஒன்றே. சிக்கலின் முடிச்சு இங்கேதான். மோசமான மருந்து என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். இதை அப்படிப் போடமுடியாது.

அதற்குள் வழக்குகள் கிளம்பியிருந்தன. 2003இல் இந்த வகை மருந்துகள் எல்லாவற்றிலும் சர்க்கரை நோய் பற்றிய எச்சரிக்கையைச் சேர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சொன்னது. 2005இல் சுமார் 8,000 பேரின் வழக்குகளை முடிக்க லில்லி 69 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2007இல் இன்னும் 18,000 பேருக்கு 50 கோடி வரை. இரண்டுக்கும் நடுவே, 2006 டிசம்பரில், எடை பற்றிய விவரங்களை நிறுவனம் மருத்துவர்களிடம் அடக்கி வாசித்ததாக அதன் உள் ஆவணங்களை வைத்து நியூயார்க் டைம்ஸ் எழுதியது. நிறுவனம் அதை மறுத்தது. 2009 ஜனவரியில், அனுமதி பெறாத பயன்பாட்டுக்கு மருந்தை விற்ற குற்றத்தை ஒப்புக்கொண்டு 141.5 கோடி டாலர் கட்டியது. முதியோர் இல்லங்களில் மறதிநோய் உள்ளவர்களுக்கு இதை விற்க விற்பனையாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாசகம் 'ஐந்துக்கு ஐந்து'. மாலை ஐந்து மணிக்கு ஐந்து மில்லிகிராம் கொடுத்தால் தூங்கிவிடுவார்கள்.

எடை என்பது வெறும் அழகுப் பிரச்சினை என்று இன்னும் யாராவது நினைத்தால், ஒரு கணக்கு போதும். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருஷம் முன்னதாக இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் தற்கொலையால் அல்ல. இதயநோய் போன்ற, தடுத்திருக்கக்கூடிய உடல் நோய்களால்.

இரண்டாவது எண்

ஓலன்சபினோடு இன்னொரு மருந்தைச் சேர்ப்பது புதிய யோசனை இல்லை. 2003இலேயே லில்லி அதைத் தன் புரோசாக்கோடு சேர்த்து, சிம்பியாக்ஸ் என்ற பெயரில், பைபோலாரில் வரும் மனச்சோர்வுக்கு விற்றது. ஆனால் அங்கே இரண்டுமே நோய்க்கான மருந்துகள்.

சாமிடார்ஃபன் வந்த வழி வேறு. நியூயார்க் மாநிலத்தின் ரென்சிலர் தொழில்நுட்பக் கழகத்தில் மார்க் வென்ட்லண்ட் என்ற வேதியியலாளரின் ஆய்விலிருந்து பிறந்தது. மூளையின் ஓபியாய்டு ஏற்பிகளைத் தடுக்கும். மார்ஃபின் போய் உட்காரும் இடம் அது. சாப்பாட்டில் கிடைக்கும் சுகத்துக்கும் அந்த இடத்துக்கும் தொடர்பு உண்டு. அதைத் தடுத்தால் இன்னும் ஒரு வாய் என்ற இழுப்பு குறையலாம் என்பது கணக்கு. அல்கெர்மிஸ் என்ற நிறுவனம் இரண்டையும் ஒரே மாத்திரையில் சேர்த்தது.

பலன் எவ்வளவு? 561 பேரிடம் 24 வாரம் நடந்த ஆய்வில், தனி ஓலன்சபின் சாப்பிட்டவர்களின் எடை சராசரியாக 6.59 சதவீதம் கூடியது. கூட்டு மாத்திரையில் 4.21. எழுபது கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் 4.6 கிலோவுக்குப் பதில் 2.9 கிலோ. பத்து சதவீதத்துக்கு மேல் எடை போட்டவர்கள் 29.8 சதவீதத்திலிருந்து 17.8 ஆகக் குறைந்தார்கள். சர்க்கரை, கொழுப்பு அளவுகளில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஓபியாய்டு வலி மருந்து எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. ஆக இது எடை போடாத மாத்திரை அல்ல. குறைவாகப் போடும் மாத்திரை. அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை.

ஆனாலும் எனக்கு அந்த அசையாத 10 முக்கியம். 'வாயைக் கட்டலை' என்று நோயாளியின் குணத்தில் ஏற்றிவைத்த பழியை, மருந்தின் கணக்கில் எழுதிய எண் அது.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு மருந்தின் கதையை வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 1990களில் இதே லில்லி நிறுவனம் ஸனோமெலின் என்ற மருந்தை அல்சைமர் நோயாளிகளிடம் சோதித்தது. அவர்களிடம் இருந்த பிரமைகளும் சந்தேகங்களும் குறைந்தன. ஆனால் குமட்டல், வாந்தி. அதிக டோஸ் எடுத்தவர்களில் பாதிப்பேர் தாங்கமுடியாமல் விலகினார்கள். மருந்து பரணுக்குப் போனது. வெகுகாலம் கழித்து, சிறுநீர்ப்பைக் கோளாறுக்குக் கொடுக்கும் ட்ராஸ்பியம் என்ற பழைய மருந்தை அதோடு சேர்த்தார்கள். மூளைக்குள் அதிகம் நுழையாமல், வயிற்றுப் பக்கம் நடக்கும் தொல்லையை மட்டும் அது குறைத்தது. 2024 செப்டம்பரில் கோபென்ஃபி என்ற பெயரில் மனச்சிதைவுக்கு அனுமதி கிடைத்தது. இதுவும் மருந்துக்கு மருந்து சேர்ந்த மாத்திரைதான்.

கிட்டத்தட்ட ஒரே காலம், ஒரே நிறுவனம், இரண்டு மருந்துகள். வாந்தி எடுக்க வைத்த மருந்தைச் சரிசெய்யாமல் விற்க முடியவில்லை. எடை போட வைத்த மருந்தைச் சரிசெய்யாமலே கால் நூற்றாண்டு விற்க முடிந்தது. வாந்தி எடுக்கிறவரைப் பார்த்து 'உங்களுக்குக் கட்டுப்பாடு இல்லை' என்று யாரும் சொல்லமாட்டார்கள். எடை போட்டவரிடம் அதைத்தான் சொன்னோம், மருத்துவமனையிலும் சரி, வீட்டிலும் சரி.